கருக்கு முதல் மனுசி வரை: பாமாவின் நூல்களும் நம் வாசகர் கருத்துகளும்

எங்கள் பங்கு நூலகத்தில் பாமாவின் நூல்கள் ஐந்து உள்ளன. அவற்றுள் ‘கருக்கு’ என்னும் நூலின் படிதான் மிகவும் நைந்துபோனது. அட்டை கிழிந்து, அதன்மேல் பழுப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. பள்ளியில் தேங்காய் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிறுமி, மீண்டும் வகுப்பில் அமர்வதற்குப் பங்குக் குருவிடம் கடிதம் கேட்டுச் செல்லும் நிகழ்ச்சி அந்நூலில் வருகிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் ‘பொய்’ என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே வேறொருவர் நீல மையினால், ‘நீங்கள் எந்தத் தெரு?’ என்று கேட்டிருக்கிறார். விடையை யாரும் எழுதவில்லை.

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்தபின் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், பாமாவின் நூல்களை ஓராண்டுக் காலம் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மரியாயின் சேனைத் தாய்மார், கல்லூரி மாணவ மாணவியர், பட்டாசுத் தொழிலில் உழைக்கும் பெண்கள் எனப் பலரும் கருத்துரைத்தனர். அவற்றைத் தொகுத்துப் பார்க்கையில், ஓரத்தில் எழுதப்பட்ட அந்த இரு வரிகளே திரும்பத் திரும்ப ஒலிப்பதாக எனக்குத் தோன்றியது. நூலைப் பற்றி நாம் கூறும் கருத்து, நாம் எங்கே நின்று அந்நூலைப் படிக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆகவே, நூல்களோடு நம் கருத்துகளையும் சற்றே எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணின் எழுத்து

பாமா நமக்கு அயலார் அல்லர். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1958-ஆம் ஆண்டு, கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஆய்வாளரும் புதின ஆசிரியருமான ராஜ் கௌதமன் இவருடைய தமையனார். ஆசிரியப் பணியாற்றிய பாமா, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டாற்றும் விருப்பத்தோடு துறவற சபையொன்றில் சேர்ந்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப்பின் 1992-இல் அதைவிட்டு வெளியேறினார். கையில் வேலையின்றியும் மனத்தில் அமைதியின்றியும் இருந்த அந்நாள்களில், இயேசு சபைக் குருவானவர் ஒருவர் ஊக்கமூட்ட, தம் இளமை நினைவுகளை எழுதத் தொடங்கினார். அவையே ‘கருக்கு’ ஆயின.

அந்நூலைப் பெரிய பதிப்பகம் எதுவும் வெளியிடவில்லை. மதுரையில் இயேசு சபையினர் நடத்திவந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையமே 1992-இல் அதை அச்சிட்டது. திருச்சபையைக் கண்டிக்கும் நூலைத் திருச்சபையைச் சேர்ந்த நிறுவனமே வெளியிட்டது என்பதை, பாமாவைக் கண்டிப்போரும் அவர் பெயரால் திருச்சபையைக் கண்டிப்போரும் ஒருசேர மறந்துவிடுகின்றனர்.

அதன்பின் 1994-இல் ‘சங்கதி’, 1996-இல் ‘குசும்புக்காரன்’ என்னும் சிறுகதைத் தொகுதி, 2002-இல் ‘வன்மம்’ என்னும் புதினம், 2003-இல் ‘ஒரு தாத்தாவும் எருமையும்’ என்னும் கதைகள், 2011-இல் ‘மனுசி’ என வந்தன. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ‘கருக்கு’ 2000-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியாகி, கிராஸ்வேர்டு விருதும் பெற்றது. தமிழக அரசு 2024-இல் பாமாவுக்கு அவ்வையார் விருது வழங்கிற்று. எந்த இயக்கத்தின் ஆதீனத்திலும் அமராமல், பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிக்கொண்டே எழுதியவர் அவர்.

‘இது நாவலா?’

எங்கள் வட்டத்தில் முதலில் எழுந்த கருத்து தமிழாசிரியருடையது. ‘கருக்கு’ நாவலுமன்று, முறையான தன்வரலாறுமன்று, ‘சங்கதி’யிலோ தலைவனும் இல்லை, தலைவியும் இல்லை, கதைப்பின்னலும் இல்லை, ஆகவே இவற்றை எந்த இலக்கிய வகையில் வைப்பது என்று அவர் கேட்டார். கற்றறிந்த வாசகரின் நேர்மையான கேள்வி இது. தள்ளிவிடத்தக்கதன்று.

உண்மையில் ‘கருக்கு’ பிறப்பில் தொடங்கி வரிசையாக நடப்பதில்லை. ஊர், வேலை, விளையாட்டு, திருவிழா, கல்வி, கன்னியர் மடம் என ஒவ்வொரு பொருளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிறுவயது முதல் மீண்டும் நடந்துவருகிறது. ‘நான்’ என்று பேசுபவருக்கு நூலில் பெயரே இல்லை. இதைக் குறை எனக் கொள்ளலாம். ஆனால் ஒரு வாழ்க்கையை மாந்தர் தம் மனச்சான்றின்முன் நினைவுகூரும்போது இவ்வாறே நினைவுகூர்கின்றனர் என்பதை, ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பல்லாண்டு செவிமடுத்தவன் என்ற முறையில் நான் சொல்ல முடியும். நாள்காட்டி வரிசையில் எவரும் தம் காயங்களைச் சொல்வதில்லை. ஒன்றைத் தொட்டால் அதே இடத்தில் முன்பு பட்ட காயங்களெல்லாம் வரிசையாக எழுகின்றன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீன் எழுதத் தொடங்கிய ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலும் பாதி வாழ்க்கை, பாதி மன்றாட்டு, இறுதியில் தொடக்கநூலுக்கு விளக்கம் என்றே அமைகிறது. அதை எந்த வகையில் வைப்பது என்று நாம் மயங்குவதில்லையே!

‘சங்கதி’யின் அமைப்பும் அவ்வாறே தன் பொருளிலிருந்து பிறந்தது. பாட்டி பேசுகிறார், தாய் பேசுகிறார், களையெடுக்கும் பெண்கள் பேசுகின்றனர். ஒருத்தியின் கதை முடியுமுன் மற்றொருத்தியின் கதை தொடங்குகிறது. பொய்ப்பழி சுமத்தப்பட்ட மாரியம்மா ஊர்க்கூட்டத்தின்முன் நிறுத்தப்படும்போது, ஆணைவிடப் பெண்ணுக்கே கூடுதல் தண்டம் விதிக்கப்படுகிறது. அவள் சொல்லைக் கேட்பார் எவருமில்லை. கூட்டத்தில் வாய் திறக்க முடியாத பெண்களுக்கு நூல் முழுவதையும் வாயாக்கிக் கொடுத்ததே ‘சங்கதி’யின் கலை. தலைவி ஒருத்தியை மட்டும் உயர்த்தியிருந்தால், மற்றவர்கள் மீண்டும் ஊமைகளாகியிருப்பர். பாமாவின் நூல்களுள் கலைநயத்தால் முதலிடம் பெறுவது இதுவே என்பது என் துணிபு.

‘இது என்ன தமிழ்?’

இரண்டாம் கருத்து மொழியைப் பற்றியது. கொச்சைச் சொற்களும் வசைகளும் அச்சேறலாமா, பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாமா எனத் தாய்மார் சிலர் வினவினர்.

நம் கரிசல் நிலத்தின் பேச்சை இலக்கியமாக்கியவர் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன். 1976-இல் வெளிவந்த அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நூலையும், 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ நூலையும் நாம் பெருமையோடு போற்றினோம். அதற்கு அடுத்த ஆண்டே ‘கருக்கு’ வந்தது. இதுவும் அதே கரிசலை ஒட்டிய நிலத்தின் பேச்சுத்தான். அங்கே ‘மண்மணம்’ என்று புகழ்ந்த நாவு, இங்கே ‘கொச்சை’ என்று சுளிப்பது ஏன்? இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கி. ரா. தம் கதைசொல்லியின் குரலில் பேச்சைக் கொணர்ந்தார். பாமா, அதுகாறும் ஏடுகளில் இடம்பெறாத தெருவின் பேச்சைக் கொணர்ந்தார். நம் சுளிப்பு சொற்களின் மீதா, அவை புறப்பட்டு வந்த தெருவின் மீதா என்பதை அவரவர் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதனோடு, நமக்கே உரிய ஒரு செல்வமும் இந்நூல்களில் உண்டு. பூசை, நன்மை வாங்குதல், பாவசங்கீர்த்தனம் என நம் மூதாதையர் வழங்கிய கத்தோலிக்கச் சொற்கள், அவர்கள் ஒலித்தவாறே இங்கே காக்கப்பட்டுள்ளன. வழிபாட்டு மொழி புதுப்பிக்கப்பட்டபின் பிறந்த தலைமுறையினர் தம் பாட்டிமாரின் பக்தியைக் காதால் கேட்க வேண்டுமாயின், இந்நூல்களைத் திறக்கலாம்.

‘வீட்டுச் சண்டையை வெளியில் சொல்வதா?’

மூன்றாம் கருத்தே நமக்கு மிக வலிப்பது. 1993-ஆம் ஆண்டு, இறையியல் பயின்றுகொண்டிருந்த நாங்கள் ‘கருக்கு’ நூலை ஒருவர்பின் ஒருவராக வாங்கிப் படித்தோம். அருட்கன்னியராய் இருந்தவரே மடத்து வாழ்வை இப்படி எழுதலாமா, பிற சமயத்தார் என்ன நினைப்பர் என்று பலர் கொதித்தனர். சிலர் ஒன்றும் பேசாமல் இருந்தனர். பேசாதிருந்தவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

பாமாவின் சொந்த ஊராரும் தொடக்கத்தில் சினங்கொண்டனர். ஊரைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று கருதியதால், சில மாதங்கள் அவரால் ஊருக்குள் நுழைய இயலவில்லை. பின்னர் அவ்வூர்ப் படித்த இளைஞர்கள் நூலைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல, சினம் பெருமிதமாக மாறிற்று. தங்கள் துன்பம் எழுத்தில் ஏறியிருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். ஆக, இந்நூலை எதிர்த்த முதல் வாசகர்களே இதன் உற்ற வாசகர்களும் ஆயினர். நாமோ இன்னும் வழியிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

பென்சிலால் ‘பொய்’ என எழுதப்பட்ட அந்தத் தேங்காய் நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். விளையாட்டில் மரத்திலேறிக் கைபட்டதால் விழுந்த காயை, சிறுமி திருடியதாகத் தலைமையாசிரியர் பழி கூறுகிறார். நியாயம் கேட்டு வந்தவளிடம் குருவானவர் விசாரிக்கவில்லை. சேரியிலிருந்து வருபவள்தானே, செய்துதான் இருப்பாய் என்னும் பொருளில் பேசிவிடுகிறார். அக்குரு கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை. கடிதமும் அவரிடமிருந்தே கிடைக்கிறது. அவருக்குச் சந்தேகமே எழவில்லை என்பதுதான் நம்மைச் சுடுகிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் பணியாற்றிய ஊர் ஒன்றில், பாதுகாவலர் திருவிழாவுக்குச் சப்பரம் செல்லும் வழியைக் குறித்த அறிவிப்பில் கையெழுத்திட்டேன். பழைய வழக்கப்படி என்று அதில் எழுதியிருந்தது. சப்பரம் தெற்குத் தெருவுக்குள் திரும்பாது என்பதே அதன் பொருள். எனக்கு அது தெரியாதென்று சொன்னால் பொய்யாகும். தெரிந்தும், வந்த முதல் ஆண்டிலேயே சச்சரவு வேண்டாம் என எண்ணினேன். அன்றிரவு தெற்குத் தெரு மக்கள் முனையில் மெழுகுதிரிகளோடு நின்று, கடந்துசென்ற சுரூபத்தைப் பார்த்துச் சிலுவை வரைந்துகொண்டனர். ‘கருக்கு’ நூலை அதற்கு முன்பே படித்தவன் நான். படித்தது போதவில்லை. அடுத்த ஆண்டு வழி மாறியது. ஆனால் மெழுகுதிரிகளோடு நின்ற அந்த இரவை மாற்ற என்னால் இயலாது. ஆகவே, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதியவரை நான் கடிந்துகொள்வதில்லை. அவர் எழுதியதை நான் கையெழுத்தாகவே இட்டிருக்கிறேன்.

வெளியுலகம் நம்மை ஏளனம் செய்யும் என்ற அச்சத்துக்கும் இனி இடமில்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி உணர்வு திருச்சபைக்குள் நீடிப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை 2016 டிசம்பரில் வெளியிட்டது. பாமா 1992-இல் எழுதியதை ஆயர்கள் தம் மொழியில் எழுத இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அன்றியும், சாதியைச் சொல்லும் எழுத்தைக் கண்டு முகம் திருப்புவது நம்மிடம் மட்டும் உள்ளதன்று. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து ‘சங்கதி’யையும், சுகிர்தராணியின் கவிதைகளையும், மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் ஒருசேர நீக்கியது. அதுவும் ஒருவகை வாசகர் கருத்துத்தான்; அதிகாரம் கையிலிருந்ததால் அது ஆணையாக வெளிவந்தது.

சிரித்தவர்களும் அழுதவர்களும்

வட்டத்தில் அதுவரை வாய் திறவாதிருந்தவர்கள் பட்டாசுத் தொழிலாளப் பெண்கள். ‘சங்கதி’யில் வரும் மைக்கண்ணி என்னும் சிறுமி, தாய் பிள்ளைப்பேற்றில் கிடக்கும்போது தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறவள். அப்பகுதியைப் படித்த நாளில், நடுத்தர வயதுப் பெண்ணொருவர், “சாமி, அது நான்தான் சாமி. எனக்கு அப்ப எட்டு வயசு. இருட்டுக்குள்ள பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூங்கத் தூங்க எங்கம்மா தூக்கி ஏத்திவிடும். தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனேன். இதெல்லாமா புஸ்தகத்துல எழுதுவாக?” என்றார்.

தீப்பெட்டி, வெடிபொருள் தொழில்களில் சிறுவரை ஈடுபடுத்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. விடியுமுன் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற அப்பேருந்துகளின் காலம் பெரிதும் மறைந்துவிட்டது. எனினும் அக்குழந்தைகள் எங்கும் போய்விடவில்லை. வளர்ந்து தாய்மாராகி, நம் ஆலயங்களில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சிவகாசி வட்டாரத்தைப் பற்றி அறிக்கைகள் பல எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கேட்டேனும் இப்பெண்மணி ‘அது நான்தான்’ என்று சொல்லியிருப்பாரா? இலக்கியத்தின் பயன் யாது எனக் கேட்போருக்கு நான் இதையே விடையாகச் சொல்வேன்.

அதே பெண்கள் ‘குசும்புக்காரன்’ தொகுதியைப் படித்தபோது வயிறு குலுங்கச் சிரித்தனர். அதிலுள்ள ‘அண்ணாச்சி’ என்னும் கதை, நம் மாவட்டத்தார் மட்டுமே முழுச்சுவையோடு படிக்கத்தக்கது. விருதுநகர்க் கடைவீதியில் எவரும் எவரையும் அண்ணாச்சி என்பர். ஆனால் கதையில் வரும் அம்மாசி என்னும் இளைஞன், ‘ஐயா’ என்று அழைக்கப்பட வேண்டிய நிலக்கிழாரை ‘அண்ணாச்சி’ என்று அழைத்துவிடுகிறான். ஓர் உறவுச்சொல் ஊரைக் கலக்கிவிடுகிறது. ‘சகோதரரே’ என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒருவரையொருவர் விளிக்கும் நாம், அச்சொல்லை மெய்யாகவே சொன்னால் என்ன நேரும் என்பதை இச்சிறுகதை நகைச்சுவையாகக் காட்டுகிறது. பாமாவின் எழுத்து வெறும் புலம்பல் என்போர் இக்கதைகளைப் படிக்காதவர்களே.

குறைகளும் உண்டு

போற்றுவதோடு நின்றுவிட்டால் அது திறனாய்வாகாது. ‘கருக்கு’ நூலின் பிற்பகுதியில், நிகழ்ச்சிகள் குறைந்து அறிவுரைகள் பெருகுகின்றன. மறையுரை ஆற்றும் எங்களுக்கு நன்கு பழக்கமான குறை இது. காட்சியே சொல்லிவிட்டதை மீண்டும் சொல்லும்போது கருக்கின் கூர் மழுங்குகிறது.

‘வன்மம்’ துணிவான புதினம். கண்டம்பட்டி என்னும் ஊரில் ஒடுக்கப்பட்ட இரு சமூகத்தார், கிறித்தவராயிருக்கும் பறையரும் இந்துக்களாயிருக்கும் பள்ளரும், ஆதிக்கச் சாதியாரின் சூழ்ச்சிக்கு இரையாகித் தமக்குள் வெட்டி மடிவதை அது சொல்கிறது. தம் பக்கத்தாரின் தவற்றையும் எழுதத் துணிந்தமை ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று. ஆயினும் கதைசொல்லும் கண் ஒரு தெருவிலேயே நிலைத்துவிடுகிறது. மறு தெருவின் வீடுகளுக்குள் நாம் நுழைவதேயில்லை. அத்தெருவார் பெரும்பாலும் எதிரிகளாகவே தென்படுகின்றனர். இறுதியில் இரு தரப்பாரும் ஒன்றிணைந்து ஊராட்சித் தேர்தலில் வெல்வது நம் உள்ளத்துக்கு இனியதே. ஆனால் அத்தனை குருதிக்குப்பின் அந்த ஒப்புரவு மிக விரைவாக வந்துவிடுகிறது. மன்னிப்பின் விலை எவ்வளவு என்பதை இன்னும் சில பக்கங்களில் நாம் கண்டிருக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் மறு சமூகத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் இக்குறையை மெல்லிய குரலில் எடுத்துரைத்தார். ‘நீங்கள் எந்தத் தெரு?’ என்ற வினா ஆசிரியரையும் நோக்கித் திரும்பத்தக்கது என்பதை அன்று கற்றேன். புதுப்பட்டியின் அதே வாழ்வைத் தமையனார் ராஜ் கௌதமன், 2002-இல் வந்த ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் தன்னையே எள்ளி நகையாடும் நடையில் சொல்கிறார். இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர், ஒரே வீட்டின் இரு சன்னல்கள் வழியே ஊரைக் காண்பர்.

நிறைவாக

2024 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், குருத்துவப் பயிற்சியில் இலக்கியத்தின் இடத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார். பிறருடைய குரலைக் கேட்கக் கற்பதற்குப் புதினங்களும் கவிதைகளும் துணைசெய்யும் என்பது அம்மடலின் சாரம். தொடக்கத்தில் குருமாணவரை எண்ணி எழுதத் தொடங்கிய அவர், அதை எல்லாக் கிறித்தவருக்கும் உரியதாக விரித்துக்கொண்டார். குருமடத்தில் நூலைப் படித்தும் சப்பரத்தை மறித்த கதை என்னுடையது. குரலைக் கேட்பதற்கு ஒரு வாசிப்பு போதாது. வேறு தெருவிலிருந்து வந்தவர் அருகில் அமர்ந்து படிக்கும்போதுதான் நூலின் மறுபாதி நமக்குத் திறக்கிறது.

பாமாவை இதுவரை படிக்காதவர்கள், எங்கள் அனுபவத்தில், ‘குசும்புக்காரன்’ கதைகளில் தொடங்குவது நன்று. சிரித்துப் பழகியபின் ‘சங்கதி’, அதன்பின் ‘கருக்கு’, பிறகு ‘வன்மம்’, ‘மனுசி’ எனச் செல்லலாம். தனித்து வாழும் தலித் ஆசிரியை ஒருத்தியின் நடுவயதுக் கதையான ‘மனுசி’, முந்தைய நூல்களின் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்போருக்கு விடை தரும்.

நூலகப் படியில் இருந்த அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிடலாமா என நூலகப் பொறுப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக, நூலின் இறுதியில் நான்கு வெள்ளைத் தாள்களை ஒட்டியிருக்கிறோம். இனிப் படிப்போர் தம் கருத்தை அங்கே விரிவாக எழுதலாம். இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், தம் தெருவின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.